66 டிகிரியில் இனிப்பு, 100 டிகிரியில் கசப்பு: தானியத்திலிருந்து ஒரு பேல் ஏல்

போன மாதம் இங்கே சிங்கப்பூரில் வேலையிடத்தில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, தேக்கா மளிகைக் கடையில பார்லி மூட்டை மூட்டையா கிடக்கு. அதை வேகவச்சு, ஆறவச்சு, ஈஸ்ட் போட்டா பீர் ஆயிடாதா?"

ஆகாது. கஞ்சிதான் ஆகும். ஏன் ஆகாது என்பது புரிந்துவிட்டால் பீர் காய்ச்சும் வேலையில் பாதி புரிந்த மாதிரி. அன்று மதிய உணவு நேரம் முழுக்க அவரிடம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். எடுத்துக்கொண்டது பேல் ஏல் என்ற பீர் வகை. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற பூவின் மணம் அதில் தூக்கலாக இருக்கும். டப்பாவில் வரும் மால்ட் (முளைவிட்டு உலர்த்திய பார்லி) பாகைக் கரைத்துச் செய்வது இல்லை, தானியத்தில் தொடங்கிச் செய்வது. பொருட்கள் நான்கே நான்கு: தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். மற்றதெல்லாம் சூடு. எது எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதுதான் கோப்பையில் வந்து நிற்கும் ருசி. நம் ஊர் வெயிலில் காய்ச்சுகிறவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் 2004 முதல் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டாம். ஆனால் நிபந்தனைகள் உண்டு. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், குடியிருக்கும் வீட்டிலேயே காய்ச்ச வேண்டும், ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, விற்கக் கூடாது. வடித்தெடுக்கவே கூடாது. ஊர்ப் பத்திரிகைகளில் 'சாராய ஊறல் அழிப்பு' என்று படித்து வளர்ந்தவர்களுக்கு ஊறல் என்றாலே பயம் வரும். அங்கே ஊறலை அடுப்பில் ஏற்றி ஆவியைப் பிடித்துச் சாராயம் வடிக்கிறார்கள். அது இங்கே குற்றம். நாம் செய்யப்போவதில் வடிப்பதே கிடையாது. மாவு புளிப்பதைப் போல, புளித்ததோடு சரி.

இனி தம்பியின் பார்லிக்கு வருவோம்.

மளிகைக் கடையில் இருப்பது, காப்பிக்கடையில் பார்லித் தண்ணீருக்குப் போடுவார்களே, அந்தத் தீட்டிய பார்லி. அதில் மாவுச்சத்து நிறைய இருக்கிறது. ஆனால் ஈஸ்ட்டுக்கு மாவுச்சத்தைத் தின்னத் தெரியாது, சர்க்கரைதான் வேண்டும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பவை என்சைம்கள். தானியம் முளைவிடும்போதுதான் அவை பெருகி வேலைக்குத் தயாராகும். நம் வீடுகளில் குழந்தைக்குக் கொடுக்கக் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி, முளைவிட்டதும் காயவைத்து அரைப்பார்கள். அந்த மாவில் காய்ச்சிய கூழ் சாதாரணக் கூழைவிட இளக்கமாகவும் லேசான தித்திப்போடும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதே கதைதான் இங்கேயும். பார்லியை நனைத்து, முளைவிட்டு, முளை வளர்வதற்குள் சூடான காற்றில் உலர்த்தி நிறுத்தினால் அதற்குப் பெயர் மால்ட். மெதுவாக, குறைந்த சூட்டில் உலர்த்தினால் வெளிர் நிறம். அந்த வெளிர் மால்ட்டில் காய்ச்சுவதால்தான் இந்தப் பீருக்குப் பேல் ஏல் என்று பெயர். 'பேல்' என்றால் வெளிர்ந்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் பம்பாய்க்கும் கப்பலில் வந்த பீரும் இந்த வகைதான்.

ஆக, வாங்க வேண்டியது தீட்டிய பார்லி இல்லை, மால்ட் பார்லி. பீர் காய்ச்சும் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். வாங்கும்போதே அரைத்துத் தரச் சொல்லுங்கள். மாவாக வேண்டாம், ஒவ்வொரு மணியும் மூன்று நான்காக உடைந்து, உமி முழுதாக நிற்க வேண்டும். இட்லி ரவையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் சரி. மிக்ஸியில் அரைக்காதீர்கள், உமியும் சேர்ந்து தூளாகிவிடும்.

பத்து லிட்டர் பீருக்கு நான் எடுப்பது 2.2 கிலோ பேல் மால்ட், 200 கிராம் கிரிஸ்டல் மால்ட். கிரிஸ்டல் என்பது ஈரத்தோடு வறுத்த மால்ட். கருப்பட்டி மாதிரி ஒரு வாசனையும் பொன்னிறமும் தரும். கடிப்பதற்குக் கரகரவென்று இருக்கும். கையில் நாலு மணி எடுத்து வாயில் போட்டுப் பாருங்கள், எதற்காகச் சேர்க்கிறோம் என்று உடனே தெரியும்.

இப்போது முதல் சூடு, 66 டிகிரி.

மாவுச்சத்தை நீளமான மல்லிகைச் சரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பூவும் ஒரு குளுக்கோஸ். மால்ட்டுக்குள் இந்தச் சரத்தை உடைக்க இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆல்ஃபா அமைலேஸ் கத்தரியோடு வந்து சரத்தை நடுவில் கண்ட இடத்தில் வெட்டிப் போடுவார். பீட்டா அமைலேஸ் பொறுமைசாலி. நுனியில் உட்கார்ந்துகொண்டு இரண்டிரண்டு பூவாகக் கிள்ளுவார். இரண்டு பூ சேர்ந்த துண்டுதான் மால்டோஸ், ஈஸ்ட்டுக்கு முக்கியத் தீனி. ஒன்று, இரண்டு, மூன்று பூ உள்ள துண்டு வரை ஈஸ்ட் தின்னும். அதைவிட நீளமானதைத் தொடாது. அந்த நீளத் துண்டுகள் பீரிலேயே தங்கி, குடிக்கும்போது நாக்கில் ஒரு கொழுகொழுப்பைத் தரும்.

இந்த இருவருக்கும் பிடித்த சூடு வேறு வேறு. பீட்டாவுக்கு 60 முதல் 65 வரை, 70-ஐத் தாண்டினால் சீக்கிரம் செயலிழந்துவிடும். ஆல்ஃபா 70-ஐ ஒட்டித்தான் உற்சாகமாக வேலைசெய்யும். 62-இல் ஊறவைத்தால் பெரும்பகுதி மால்டோஸாகிப் பீர் மெலிந்து வறண்டிருக்கும். 70-இல் ஊறவைத்தால் நீளத் துண்டுகள் மிஞ்சிக் கனமாக, இனிப்பாக வரும். 66-இல் இருவருக்கும் வேலை உண்டு. ஹாப்ஸ் முன்னுக்கு வர வேண்டிய பேல் ஏலுக்கு அதுதான் சரி. தம்பி சொன்னபடி கொதிக்கவைத்திருந்தால், முளைவிட்ட பார்லியாகவே இருந்தாலும், இருவரும் சில நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

செய்முறை இதைவிட எளிது. இருபது லிட்டர் அண்டா ஒன்று வேண்டும். பிரியாணிக்கு வைத்திருப்பது போதும், சிராங்கூன் சாலைப் பாத்திரக் கடைகளிலும் கிடைக்கும். அண்டாவுக்குள் விரிகிற அளவுக்கு மெல்லிய நைலான் வலைத்துணிப் பை ஒன்று. தானியத்தைப் பையில் போட்டு ஊறவைத்து, பையோடு தூக்கிவிடுகிற இந்த முறையை ஆஸ்திரேலியாவில் வீட்டில் காய்ச்சுகிறவர்கள் பரப்பினார்கள். இதற்குத் தனித்தனிப் பாத்திரங்கள், குழாய்கள், பம்ப் எதுவும் வேண்டாம். வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறைக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் பதினைந்தரை லிட்டர். தானியம் கொஞ்சம் உறிஞ்சும், கொதியில் கொஞ்சம் ஆவியாகும், அடியில் கொஞ்சம் மண்டி தங்கும். கடைசியில் பத்து லிட்டர் மிஞ்சும். நம் குழாய்த் தண்ணீர் அப்படியே குடிக்கக்கூடியதுதான். ஆனால் அதில் கிருமி வராமல் இருக்க குளோரமைன் இருக்கிறது. பீரில் அது மால்ட்டின் சேர்மங்களோடு சேர்ந்து மருந்துக்கட்டு வாடையைக் கிளப்பும். குளோரமைன் சும்மா கொதிக்கவைத்தால் எளிதில் போகாது. அதற்குக் கேம்ப்டன் மாத்திரை என்று உண்டு. கால் மாத்திரையை நுணுக்கிக் கலக்கினால் இந்தத் தண்ணீருக்குத் தாராளம், சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இன்னொன்று, நம் தண்ணீர் மென்மையானது. மூன்று கிராம் உணவுத்தர ஜிப்சம் சேர்த்தால் ஹாப்ஸின் கசப்பு பளிச்சென்று நிற்கும். தோஃபு உறையவைக்கப் போடுகிறார்களே, அதே ஜிப்சம்தான். பேல் ஏலுக்குப் பேர்போன இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்க் கிணறுகளில் அது இயற்கையாகவே இருந்தது.

தண்ணீரை 69 டிகிரிக்குச் சூடாக்கி அடுப்பை அணையுங்கள். பையை விரித்து, மால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கட்டி தட்டாமல் கிளறுங்கள். தானியம் சூட்டை இழுத்துக்கொண்டு 66-க்கு வந்து நிற்கும். மூடி, பழைய கம்பளியால் அண்டாவைச் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுவிடலாம். இந்த நேரத்தில் வீட்டுக்குள் பரவுகிற வாசனை இருக்கிறதே, பொரிமாவில் வெந்நீர் ஊற்றிப் பிசைந்தால் வருமே, அது. அடுத்த வீட்டு அம்மா ஒருமுறை கதவைத் தட்டி, "என்ன பலகாரம் செய்றீங்க?" என்று கேட்டார்.

மாவுச்சத்து உண்மையிலேயே சர்க்கரையாகிவிட்டதா என்று கண்ணால் பார்க்கலாம். காயத்துக்குப் போடுகிற அயோடின் மருந்து ஒரு சொட்டு, வெள்ளைத் தட்டில் ஊறல் நீர் ஒரு கரண்டி. தொடங்கிப் பத்து நிமிடத்தில் சொட்டுவிட்டால் கருநீலமாகும். மாவுச்சத்து இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு மணி நேரம் கழித்துச் சொட்டுவிட்டால் அயோடின் தன் பழுப்பு நிறத்திலேயே கிடக்கும். முதல் தடவை இதைப் பார்த்தபோது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் நின்றேன். பள்ளியில் பாடமாகப் படித்தது சமையலறையில் நடக்கிறது. சோதித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், அண்டாவில் ஊற்றக் கூடாது. விரலில் தொட்டு ருசிப்பதென்றால் அண்டாவிலிருந்து எடுங்கள். தொடங்கியபோது கஞ்சித் தண்ணீர் போல் இருந்தது இப்போது கரும்புச்சாற்றுக்கு நெருங்கிய தித்திப்பில் இருக்கும்.

பையைத் தூக்கி, அண்டாவின் மேல் ஒரு வடிதட்டை வைத்துப் பிழியுங்கள். சக்கையை அன்றே அப்புறப்படுத்த வேண்டும். இந்த ஊர்ச் சூட்டில் சில மணி நேரத்தில் புளித்து நாறும். எங்கள் பேட்டைச் சமூகத் தோட்டத்து உரக்குழிக்கு நான் கொடுத்துவிடுகிறேன்.

இரண்டாவது சூடு, கொதி.

கொதிக்கத் தொடங்கும் அந்த ஐந்து நிமிடம் அடுப்பைவிட்டு நகராதீர்கள். பால் பொங்குவதைப் போலச் சட்டென்று நுரைத்து ஏறும். அடுப்பைத் தணித்து, கரண்டியால் நுரையைக் கலைத்துவிட்டால் அடங்கும். அதன் பிறகு ஒரு மணி நேரம் மூடாமல் கொதிக்கட்டும். சன்னலைத் திறந்துவையுங்கள், ஆவி அவ்வளவு வரும்.

ஹாப்ஸ் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்தப் பீரின் உயிரே அதுதான். ஹாப்ஸ் ஒரு கொடி. அதன் பெண் பூங்கொத்துதான் நாம் போடுவது. கோடையில் நீண்ட பகல் வேண்டும் என்பதால் நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் ஊரில் ஒழுங்காகப் பூக்காது. அரைத்து அழுத்திய பச்சை உருண்டைகளாகக் காற்றில்லாப் பொட்டலத்தில் வரும். பொட்டலத்தைத் திறந்ததும் இரண்டு உருண்டையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மஞ்சளாக ஒரு பிசுக்கு ஒட்டும். காஸ்கேட் வகை என்றால் பம்பிளிமாஸ் தோலை நகத்தால் கீறிய வாசனை வரும். சிட்ரா என்றால் எலுமிச்சையோடு மாம்பழம். அந்த மஞ்சள் பிசுக்குக்குள் இரண்டு பொருட்கள் இருக்கின்றன. ஒன்று கசப்புக்கானது, ஆல்ஃபா அமிலம். மற்றது மணத்துக்கானது, எண்ணெய்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

ஆல்ஃபா அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது. கொதியில் நெடுநேரம் கிடந்து வடிவம் மாறினால்தான் கரைந்து கசக்கும். ஒரு மணி நேரம் கொதித்தாலும் அதில் கால் பங்கு அளவுதான் பீருக்குள் போய்ச் சேரும். எண்ணெய்களோ கொதி ஆவியோடு பறந்துவிடும். ஆக, சீக்கிரம் போட்ட ஹாப்ஸ் கசக்கும், மணக்காது. கடைசியில் போட்டது மணக்கும், அவ்வளவாகக் கசக்காது. நம் வீட்டில் ரசம் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். புளி பச்சை வாடை போகக் கொதிக்க வேண்டும். பொடி போட்டபின் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் ரசம் கெட்டது. கொத்தமல்லி அடுப்பை அணைத்தபின். ஹாப்ஸ் போடுவதும் அந்த வரிசைதான், ஒரே பொருளை மூன்று நேரத்தில் போடுகிறோம் என்பது மட்டும் வித்தியாசம்.

கொதி தொடங்கியதும் 15 கிராம் காஸ்கேட். இது கசப்புக்கு. கொதி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது இன்னொரு 10 கிராம். அடுப்பை அணைத்து, அண்டாவைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி 80 டிகிரிக்கு வந்ததும் 20 கிராம் போட்டு, இருபது நிமிடம் மூடிவையுங்கள். அந்தச் சூட்டில் கசப்பு அதிகம் இறங்காது, எண்ணெயும் ஓடிப்போகாது. கடைசித் தவணைக்கான 30 கிராம் சிட்ராவை உறைபெட்டியில் பத்திரப்படுத்துங்கள், அதன் வேலை பிறகு வருகிறது. பொட்டலத்தின் மேல் ஆல்ஃபா அமில விழுக்காடு அச்சிட்டிருக்கும். காஸ்கேட் பெரும்பாலும் 5 முதல் 7 வரை. 12 விழுக்காடு உள்ள வகையை முதல் தவணைக்கு எடுத்தால் அளவைப் பாதியாக்குங்கள்.

காஸ்கேட்டை முதலில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் ஒரிகனில் வளர்த்தெடுத்து 1972-இல் வெளியிட்ட வகை அது. கலிஃபோர்னியாவின் சிக்கோ ஊரில் 1980-இல் சியரா நெவாடா ஆலை தன் பேல் ஏலை அதை வைத்துத்தான் காய்ச்சியது. ஹாப்ஸ் மணக்கும் பேல் ஏல் என்று இன்று நாம் சொல்வதற்கு அந்தப் பீர்தான் அளவுகோலாக நின்றது. புதிதாகத் தொடங்குகிறவர் இந்த ஒரு மணத்தைப் பழகிக்கொண்டால் மற்ற வகைகளை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிடி கிடைக்கும்.

இங்கிருந்து சுத்தம். கொதி நின்றபின் மால்ட் சாற்றைத் தொடுகிற எதுவும், கரண்டி, குழாய், வாளி, மூடி, எல்லாமே கிருமிநாசினிக் கரைசலில் நனைந்திருக்க வேண்டும். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போட்டால் அம்மா எப்படிப் பதறுவார்? அதே பதற்றம் வேண்டும். கழுவத் தேவையில்லாத அமிலக் கரைசல்கள் விற்கின்றன, அதில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பாத்திர சோப்பு இதற்கு ஆகாது.

மூன்றாவது சூடுதான் இந்த ஊரில் எல்லோரும் தடுக்கி விழும் இடம்.

மேல்நாட்டு நூல்கள் சாற்றை 20 டிகிரிக்கு ஆறவைத்து ஈஸ்ட் போடச் சொல்லும். நம் குழாய்த் தண்ணீரே 28, 29 டிகிரி. அதற்குக் கீழே போக ஐஸ் மூட்டைதான் கதி. அப்படியே ஆறவைத்தாலும் ஈஸ்ட் ஒரு வாரம் வேலைசெய்யும்போது அறை 30 டிகிரியில் இருக்கும். என் முதல் தடவையில் சாதாரண ஏல் ஈஸ்ட்டைப் போட்டு வாளியைச் சமையலறை மூலையில் வைத்தேன். ஈஸ்ட் தின்னும்போது தானும் சூட்டை விடும் என்று படித்திருந்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை வாளியில் ஒட்டிய வெப்பமானிப் பட்டை 33 காட்டியது. இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் கனிந்த வாழைப்பழ வாசனை, அதற்குப் பின்னால் நகச்சாயம் துடைக்கிற திரவத்தின் வாடை. பம்பிளிமாஸ் வாசனையைத் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. பத்து லிட்டரையும் கொட்ட வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அது நினைவுக்கு வந்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

சூடு ஏறினால் சாதாரண ஏல் ஈஸ்ட் பதற்றத்தில் பழவாசனைச் சேர்மங்களையும் காரமான ஆல்கஹால்களையும் அதிகமாக வெளியிடும். அதைத் தடுக்க இரண்டு வழிகள். ஒன்று, வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, உறையவைத்த தண்ணீர்ப் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றி 20-ஐ ஒட்டி வைத்திருப்பது. ஈரத்துணி சுற்றி மின்விசிறி வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். மண்பானை குளிரும் கணக்கு அது. நம் காற்றில் ஈரப்பதம் இவ்வளவு இருக்கும்போது துணி காய்வதே மெதுவாகத்தான், அதனால் குளிர்ச்சியும் கொஞ்சம்தான். முதல் மூன்று நாள் கண்ணும் கருத்துமாக இருந்தால் போதும் என்றாலும், வேலைக்குப் போய்வருகிறவருக்கு இது சிரமம்.

இன்னொரு வழியைத்தான் நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன்: சூட்டோடு சண்டை போடாமல், சூட்டை விரும்பும் ஈஸ்ட்டைப் போடுவது. நார்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணைவீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த ஈஸ்ட் உண்டு, அதற்கு குவைக் என்று பெயர். குளிர்நாட்டில் பிறந்தாலும், அந்தப் பண்ணைக்காரர்கள் சாறு உடல்சூட்டுக்கு ஆறியதுமே ஈஸ்ட்டைப் போட்டுப் பழக்கியிருக்கிறார்கள். வோஸ் என்ற வட்டாரத்து குவைக் இப்போது உலர்ந்த பொட்டலமாகக் கிடைக்கிறது. 35 முதல் 40 டிகிரி வரை அதற்குச் சுகம். லேசான ஆரஞ்சு வாசனை ஒன்றைச் சேர்க்கும், ஹாப்ஸோடு அது இணக்கமாகப் போகும். அண்டாவைத் தொட்டித் தண்ணீரில் நிறுத்தி, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றினால் 35-க்கு வந்துவிடும். ஐஸே வேண்டாம். மண்டியை அண்டாவிலேயே விட்டுவிட்டுத் தெளிந்த சாற்றை வாளிக்கு மாற்றி, கொஞ்சம் உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றுக் கலக்கவிட்டு, அரைப் பொட்டலம் ஈஸ்ட்டைத் தூவி மூடுங்கள். இந்த ஈஸ்ட்டுக்குச் சத்து நிறைய வேண்டும், ஈஸ்ட் ஊட்டம் என்று விற்கும் பொடியில் ஒரு சிட்டிகை சேர்ப்பது நல்லது.

தூவுவதற்கு முன் ஹைட்ரோமீட்டரில் ஒரு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற பால்மானியின் உறவுக்காரர்தான் இது. 1.050 என்று காட்டினால் ஒரு லிட்டர் சாறு 1,050 கிராம் எடை, அந்தக் கூடுதல் பெரும்பாலும் சர்க்கரை. பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரிக்கு அளவிட்டவை, அதனால் நம் அறையில் ஆறிய 30 டிகிரிச் சாற்றில் ஏறக்குறைய 0.002 குறைத்துக் காட்டும், அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். புளித்து முடிந்ததும் 1.011 அளவுக்கு இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் விழுக்காடு. இங்கே 0.039, அதாவது 5.1 விழுக்காடு.

குவைக் போட்ட வாளி சில மணி நேரத்தில் 'குளுக் குளுக்' என்று குமிழிவிடத் தொடங்கி, நாலைந்து நாளில் ஓயும். ஓய்ந்தபின் உறைபெட்டியில் வைத்த ஹாப்ஸை எடுங்கள். சிட்ரா 30 கிராம், நேராக வாளிக்குள். சூடே இல்லாத தவணை இது, எண்ணெய் ஆவியோடு பறக்காமல் பீரில் இறங்கும். இரண்டு மூன்று நாள் போதும், அதற்குமேல் போனால் பச்சிலைச் சுவை வரும். இந்தக் கட்டத்தில் மூடியைத் தேவைக்குமேல் திறந்து பார்க்காதீர்கள். காற்றுப் பட்டால் முதலில் போவது இந்த மணம்தான். பீர் ஈரமான அட்டை மாதிரி மந்தமாகிவிடும்.

பாட்டிலில் அடைப்பதற்கு முன் ஹைட்ரோமீட்டர் இரண்டு நாள் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். இதில் அவசரம் கூடாது. சர்க்கரை மிச்சமிருக்கும்போது அடைத்தால் பாட்டிலுக்குள் வாயு ஏறி ஏறிக் கண்ணாடி வெடிக்கும். நிலைத்துவிட்டது என்று உறுதியானதும் 60 கிராம் சீனியைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, சுத்தமான இன்னொரு வாளியில் ஊற்றி, அதன்மேல் பீரைக் குழாய்வழியாகத் தெறிக்காமல் இறக்குங்கள். அந்தச் சீனியை ஈஸ்ட் தின்று பாட்டிலுக்குள் வாயுவை உண்டாக்கும். பழுப்புநிறப் பாட்டில்தான் வேண்டும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து துர்நாற்றம் வரும், பச்சையும் வெள்ளையும் காக்காது. 330 மில்லி அளவில் ஏறக்குறைய முப்பது பாட்டில் வரும். அறைச்சூட்டில் ஒரு வாரம், பிறகு குளிர்பெட்டி. ஹாப்ஸ் பீர் வைத்திருக்க வைத்திருக்கக் கூடுவது கிடையாது, மணம் குறைந்துகொண்டே போகும். குளிர்பெட்டியிலேயே வைத்து ஒரு மாதத்துக்குள் குடித்துவிடுங்கள்.

ஊற்றும்போது பாட்டிலைச் சாய்த்து ஒரே வீச்சில் ஊற்றி, அடியில் கடைசி அரை அங்குலத்தை விட்டுவிடுங்கள். அங்கே படிந்திருப்பது ஈஸ்ட். வாளியின் அடியிலும் அதுவே சேறு மாதிரி கிடக்கும். ஹாப்ஸ் போடுவதற்கு முன்னால் அதில் நாலு கரண்டியைக் கொதிநீரில் முக்கியெடுத்த சின்னப் புட்டியில் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம், மூடியை இறுக்காமல். நார்வேக்காரர்கள் மரவளையத்தில் உலர்த்தி அடுத்த காய்ச்சலுக்கு வைத்துக்கொண்டார்கள். தம்பிக்கு நான் கொடுத்தனுப்பியதும் அப்படி ஒரு புட்டிதான். தயிருக்கு உறைமோர் கேட்டு வந்தவர்களுக்கு எங்கள் அம்மா கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பாரே, அந்த அளவு. அவர் மால்ட் வாங்கிவிட்டாராம், அண்டா தேடிக்கொண்டிருக்கிறார்.